முகமூடி அணிந்த குளிர்காலம்

ஒரு பெண் நிற்கிறாள். கண்களைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. தலையில் முக்காடு. கழுத்தையும் தோளையும் விலங்கின் ரோமம் போர்த்தியிருக்கிறது. கை குளிராமல் இருக்க, இரு பக்கமும் திறந்த தடித்த ரோம உறை ஒன்று. ஆங்கிலத்தில் இதை மஃப் என்பார்கள். அவள் பின்னால் லண்டனின் கார்ன்ஹில் தெருவும், ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிக மாளிகையின் கோபுரமும், புகை கக்கும் கூரைகளும் தெரிகின்றன. படத்தின் அடியில் நான்கு வரிப் பாட்டு. அவளுக்குப் பெயர் கிடையாது. அவள்தான் குளிர்காலம்.

இந்தப் படம் 1643-இல் அச்சானது. கூடவே இளவேனில், கோடை, இலையுதிர்காலம் என்று இன்னும் மூன்று பெண்கள். நான்கையும் செதுக்கியவர் வென்சஸ்லாஸ் ஹொல்லார். ஐரோப்பிய அச்சுப்படக் கலையைப் படிக்கும் எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. நம் பள்ளிப் பாடநூல்களில்தான் பெயர் வருவதில்லை. பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக அச்சுக்கலை வரலாறு எடுத்தபோது திரையில் இந்தக் குளிர்காலப் பெண்ணை முதன்முறை பார்த்தேன். வகுப்பில் பலர் உடையைக் கவனித்தார்கள். நான் கியா பார்மில் வளர்ந்தவள். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், விடியற்காலையில் மூச்சு விட்டால் வெண்புகை தெரியும் ஊர் அது. எனக்கு அந்த ரோமத்தின் கதகதப்புதான் முதலில் தெரிந்தது. வெறும் கறுப்புக் கோடுகளால் ஒருவர் இதை எப்படிச் செய்தார் என்று தேடப் போய், அவருடைய வாழ்க்கைக்குள் விழுந்தேன்.

ஹொல்லார் 1607 ஜூலையில் பிராக் நகரத்தில் பிறந்தார். இன்றைய செக் குடியரசின் தலைநகர். அன்று அது பொஹீமியா நாட்டின் தலைநகர். பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அங்கேதான் அரசவை வைத்திருந்தார். உலகெங்கிலுமிருந்து ஓவியர்களையும் வானியலாளர்களையும் வரவழைத்த பேரரசர் அவர். ஹொல்லாரின் தந்தை நிலப்பதிவு அலுவலகத்தில் அதிகாரி. பேரரசரிடம் பட்டம் பெற்ற குடும்பம். தாய், மகனுக்கு ஆறு வயது ஆவதற்குள் இறந்துவிட்டார். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனோ சின்னச் சின்னதாகப் படம் வரைவதில் மூழ்கியிருந்தான். தந்தை தன்னை ரொம்பவும் தடுத்தார் என்று பிற்காலத்தில் தன் உருவப்படத்தின் கீழ் அச்சிட்ட வாழ்க்கைக் குறிப்பில் ஹொல்லார் சேர்த்திருக்கிறார். நாற்பது வயது தாண்டிய மனிதர், ஊரே பார்க்கும் அச்சுப்படத்தில் அப்பாவைப் பற்றிப் புகார் சொல்கிறார்! மருத்துவம், சட்டம், கணக்கியல் என்ற மூன்று கதவுகளை மட்டும் காட்டும் பெற்றோர் 400 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தார்கள் என்று தெரிந்து கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

அந்தக் கதவை மூடியது தந்தை அல்ல, போர். 1618-இல் பிராக் கோட்டையின் சன்னல் வழியாகப் பேரரசரின் அதிகாரிகளைத் தூக்கி எறிந்தார்கள். அதிலிருந்து தொடங்கியதுதான் முப்பதாண்டுப் போர். 1620-இல் நகருக்கு வெளியே வெள்ளை மலையில் நடந்த சண்டையில் பொஹீமியா தோற்றது. எத்தனையோ குடும்பங்கள் சொத்தையும் பதவியையும் இழந்தன. 1627-இல், இருபது வயதில், ஹொல்லார் பிராக்கை விட்டுப் புறப்பட்டார். என் வயது அவருக்கு.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஜெர்மானிய நகரங்களில் அலைச்சல். ஸ்டுட்கார்ட், ஸ்ட்ராஸ்பூர்க், பிராங்ஃபர்ட், கொலோன். பிராங்ஃபர்ட்டில் மத்தேயஸ் மேரியன் என்ற புகழ்பெற்ற செதுக்கு ஓவியரின் பட்டறையில் வேலை. நகரங்களின் தோற்றத்தைத் தொலைவிலிருந்து துல்லியமாக வரையும் வித்தையில் மேரியன் வல்லவர். அது ஹொல்லாருக்குக் கைவந்தது அங்கேதான்.

இங்கே தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை பிடிபடாது. ஹொல்லார் செய்தது எட்சிங். ஒரு செப்புத் தகட்டை நன்றாக மெருகேற்றி, அதன் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைத் தடவ வேண்டும். பூச்சின் மேல் ஊசியால் வரைய வேண்டும். ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு தெரியும். பிறகு அமிலத்தை ஊற்றினால், தெரிகிற செம்பை மட்டும் அது அரிக்கும். எவ்வளவு நேரம் அமிலம் நிற்கிறதோ அவ்வளவு ஆழம். எவ்வளவு ஆழமோ அவ்வளவு கறுப்பு. மெல்லிய கோடு வேண்டிய இடத்தை முன்னதாகவே மூடிவிட்டு, அடர்த்தி வேண்டிய இடத்தை இன்னொரு முறை அமிலத்துக்குக் கொடுப்பார்கள். கடைசியில் பூச்சை நீக்கி, மையைப் பள்ளங்களில் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்த வேண்டும். தாளில் படம் இடவலம் மாறி விழும். எழுத்தையும் தகட்டில் தலைகீழாகத்தான் எழுதியாக வேண்டும்.

இதில் ஹொல்லாரின் தனித்திறமை மென்மை. கத்தியால் உலோகத்தைச் செதுக்குகிறவர்களின் கோடு விறைப்பாக இருக்கும். ஹொல்லார் ஊசியைப் பேனா போல ஓட விட்டார். பட்டின் பளபளப்பு, முயல் ரோமத்தின் மிருது, சிப்பியின் வழவழப்பு எல்லாமே வெறும் கோட்டின் இடைவெளியிலும் நீளத்திலும் வந்தன. அவருக்குக் கிட்டப் பார்வை. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அவர் வேலையின் நுணுக்கத்தை முழுதாகப் பார்க்க முடியாது என்று அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்தார்கள்.

1636-இல் அதிர்ஷ்டம் கொலோனுக்குப் படகில் வந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தூதராக, அருண்டெல் பிரபு தாமஸ் ஹோவர்ட் பேரரசரைச் சந்திக்கப் போய்க்கொண்டிருந்தார். கலைப்பொருள் சேகரிப்பில் அன்று இங்கிலாந்திலேயே அவருக்கு ஈடில்லை. லியனார்டோ டா வின்சியின் ஓவியத் தாள்கள்கூட அவரிடம் இருந்தன. வழியில் பார்ப்பதையெல்லாம் வரைந்து வர ஹொல்லாரைத் தன் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பயணம் பிராக் வழியாகவும் போனது. விட்டுப்போய் ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஒரு வெளிநாட்டுப் பிரபுவின் ஊழியராக, ஹொல்லார் தன் ஊரைப் பார்த்தார். பெட்ரின் குன்றில் ஏறி நின்று நகரம் முழுவதையும் வரைந்தார். அந்தத் தாளைப் பதின்மூன்று ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து 1649-இல் செம்பில் ஏற்றினார். பல படங்களில் கையெழுத்துக்கு அருகே பொஹீமியன் என்று லத்தீனில் சேர்ப்பது அவர் வழக்கம். எங்கள் பாட்டியை யாராவது ஊர் எது என்று கேட்டால் நாமக்கல் பக்கம் என்பார். பிறந்தது கேமரன் மலையில், நாமக்கல்லைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஹொல்லாரின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டியின் குரல் கேட்கிறது.

1636 டிசம்பர் கடைசியில் ஹொல்லார் லண்டன் சேர்ந்தார். தேம்ஸ் நதிக்கரையில் இருந்த அருண்டெல் மாளிகைதான் வீடு. பிரபுவின் சேகரிப்பைப் படி எடுப்பது வேலை. 1641-இல் அந்த வீட்டிலேயே பிரபுவின் மனைவிக்குப் பணிப்பெண்ணாக இருந்த மார்கரெட் டிரேசியை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

லண்டனில் அவர் கண்ணைப் பிடித்தது பெண்களின் உடை. 1640-இல் ஆங்கிலப் பெண்களின் உடைகளை 26 படங்களாக வெளியிட்டார். பிரபு குலத்துப் பெண்ணிலிருந்து நாட்டுப்புறப் பெண் வரை எல்லாரும் அதில் உண்டு. பிறகு ஐரோப்பாவின் பல நாட்டுப் பெண்களை வரிசைப்படுத்தி இன்னொரு தொகுப்பு. நிழற்படம் இல்லாத காலம். லண்டனில் என்ன கழுத்துப்பட்டை, பாரிஸில் என்ன கொண்டை என்று தெரிந்துகொள்ள இப்படிப்பட்ட தாள்கள்தான் வழி.

இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் பிறந்தவைதான் பருவப் பெண்கள். முதல் வரிசை 1641-இல், முழங்கால் வரை தெரியும் பெண்களாக. இரண்டாவது வரிசை 1643, 1644-இல், முழு உருவமாக.

பருவங்களுக்கு உருவம் கொடுப்பது ஐரோப்பாவில் புதிதல்ல. பழைய படங்களில் இளவேனில் என்றால் பூக்களின் தேவதை ஃப்ளோரா. கோடை என்றால் தானியத் தேவதை சீரீஸ். இலையுதிர்காலம் என்றால் திராட்சை மதுவின் கடவுள் பாக்கஸ். குளிர்காலம் என்றால் பெரும்பாலும் நெருப்பருகே நடுங்கும் கிழவர். எல்லாரும் கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஹொல்லார் அவர்களை அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அந்த வாரம் லண்டன் தெருவில் நடந்த பெண்ணை நிறுத்தினார். இளவேனிற்பெண்ணின் கையில் டியூலிப் மலர்கள். கோடைப்பெண் வெயில் படாமல் முகத்திரை போட்டு விசிறி வைத்திருக்கிறாள். இலையுதிர்காலத்தவளுடன் பழங்கள். சின்னங்கள் பழையவை, ஆனால் உடை கடையில் வாங்கியது. டியூலிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலந்தில் டியூலிப் கிழங்கின் விலை ஏறு ஏறு என்று ஏறி 1637 பிப்ரவரியில்தான் சரிந்திருந்தது. அந்தப் பூவைக் கையில் பிடித்திருப்பது இயற்கையின் வரவை மட்டுமா சொல்லும்? வசதியையும் சொல்லும்.

நம் பக்கம் நடந்தது இதற்கு நேர் எதிர் என்று தோன்றுகிறது. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத்தில் அச்சிட்டபோது, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணைத் தேவியாக்கினார். மலேசியத் தோட்டத்து வீடுகளின் நாள்காட்டிகளில் இன்றும் அவள் சாயல்தான் தொங்குகிறது. ஹொல்லாரோ தேவிகளை வெளியேற்றிவிட்டு, அவர்களின் வேலையைப் பெண்களிடம் கொடுத்தார்.

நமக்கு ஆறு பெரும்பொழுது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்திருக்கிறது, எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் எடுத்தவர்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மலையில் இருப்பவள் என்பதால் எனக்கு அது மறந்ததே இல்லை. ஆனால் சங்கப் பாடல்களில் பருவம் ஒரு பெண்ணல்ல. போருக்குப் போனவன் திரும்பி வராத கார்காலம் ஒரு பெண்ணின் மேல் வந்து விழும். அவள் அதற்குள் நின்று காத்திருப்பாள். அப்படி யோசித்துவிட்டு 1643-ஐத் திரும்பப் பார்த்தால் ஹொல்லாரின் குளிர்காலப் பெண்ணும் மாறித் தெரிகிறாள்.

ஏனென்றால் 1642 ஆகஸ்டில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை. அருண்டெல் பிரபு அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார். லண்டன் நாடாளுமன்றத்தின் கையில். நிலக்கரி வரும் நியூகாசல் துறைமுகம் மன்னர் படையின் கையில். அந்தக் குளிர்காலத்தில் லண்டன்வாசிகள் கரியில்லாமல் தவித்தார்கள். பெண்ணின் பின்னால் கூரைகளில் புகை சுருள்வதை இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாருங்கள். ஒரு போரிலிருந்து தப்பி ஓடிய மனிதர், இரண்டாவது போருக்கு நடுவில், புரவலர் இல்லாமல், மனைவியையும் பிள்ளைகளையும் காப்பாற்றப் பட்டும் ரோமமும் வரைந்துகொண்டிருந்தார். இவை ஆடம்பரப் படங்கள் மட்டும்தான் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். படத்தின் அடியில் உள்ள பாட்டு அந்தப் பெண்ணின் தோலைப் பற்றியும் இரவைப் பற்றியும் கிண்டலாகப் பேசுகிறது. ஆண் வாங்குபவரை மனத்தில் வைத்த வியாபாரத் தந்திரம் அது. முகமூடியையும் சிலர் ஏதோ மர்மமாக விளக்குகிறார்கள். உண்மையில் வசதியான பெண்கள் காற்றும் வெயிலும் பட்டுத் தோல் கறுத்துவிடக் கூடாது என்று வெளியே போகும்போது அதை அணிந்தார்கள். வெளுத்த தோல் இருந்தால் வயலில் வேலை செய்யாதவள் என்று அர்த்தம். எங்கள் பக்கம் தேயிலை மேட்டில் முகத்தைத் துணியால் சுற்றி, மேலே தொப்பி போட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி நிற்கும் பெண்களும் முகத்தை மறைக்கத்தான் செய்தார்கள். பாட்டியும் அவர்களில் ஒருவர். வேலைக்குப் போகாதவள் என்று காட்ட ஒரு முகமூடி. வேலையில் தாக்குப்பிடிக்க இன்னொன்று.

1644-இல் ஹொல்லார் குடும்பத்தோடு ஆண்ட்வெர்ப் போனார். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள துறைமுக நகரம். எட்டு ஆண்டுகள் அங்கே. அவருடைய மிகச் சிறந்த வேலைகளில் பல இந்தக் காலத்தவை. வெறும் மஃப்களை மட்டும், உள்ளே கையே இல்லாமல், மேசையில் கிடக்கும் பிராணிகளைப் போல வரைந்தார். அந்தப் பெண் போய்விட்டாள், அவளுடைய ரோமம் மட்டும் மிச்சம். கடற்சிப்பிகள், வண்ணத்துப்பூச்சிகள், ஆப்பிரிக்க முகங்கள் என்று கண்ணில் பட்டதெல்லாம் செம்பில் ஏறின. 1647-இல் லண்டனின் நீண்ட தோற்றம் வெளிவந்தது. தேம்ஸின் தென்கரையில் இருந்து பார்த்த முழு நகரம், பல தாள்களை ஒட்டிப் பார்க்க வேண்டிய நீளம். கடலுக்கு அப்பால் உட்கார்ந்து, பழைய குறிப்புத் தாள்களிலிருந்து இதைச் செய்தார். ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்தின் பெயரும் பக்கத்தில் கரடிச் சண்டை நடத்தும் கூடத்தின் பெயரும் அதில் இடம் மாறிவிட்டன. ஆனாலும் பழைய குளோப் வட்டாரம் எப்படி இருந்தது என்று அறிய இன்றைய ஆய்வாளர்கள் நாடும் முதன்மையான சான்றுகளில் அதுவும் ஒன்று.

1652-இல் லண்டன் திரும்பினார். மன்னரை வெட்டிவிட்டிருந்தார்கள், அருண்டெல் பிரபு இத்தாலியில் இறந்துவிட்டார், அடுத்த ஆண்டே மனைவி மார்கரெட்டும் இறந்தார். இனிப் புத்தகப் பதிப்பாளர்களை நம்பித்தான் பிழைப்பு. வில்லியம் டக்டேல் என்ற வரலாற்றாசிரியருக்காகத் தேவாலயங்களையும் கல்லறைகளையும் வரைந்தார். மணிக்கு நான்கு பென்ஸ் கூலி. மேசையில் ஒரு மணற்கடிகாரம் இருக்கும். யாராவது பேச வந்தாலோ, வேறு காரணத்தால் கை நின்றாலோ கடிகாரத்தைப் படுக்க வைத்துவிடுவாராம். மணல் நின்றுவிடும். வேலை செய்யாத நேரத்துக்குக் காசு வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. எடை போட்டுக் கூலி வாங்கிய தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஆனால் பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. அந்த மனுசன் ஏமாளி, முதலாளி தராசை ஒருநாளும் படுக்க வைக்க மாட்டான் என்றார். பதிப்பாளர்கள் ஹொல்லாரின் படங்களால் எவ்வளவு சம்பாதித்திருப்பார்கள் என்று யோசித்தால் பாட்டி பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது.

1656-இல் ஹனோரா ராபர்ட்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். 1660-இல் தன் வாழ்நாளின் பெரிய கனவை அறிவித்தார். பத்து அடி அகலம், ஐந்து அடி உயரம் கொண்ட லண்டன் வரைபடம். வீடு வீடாக, சன்னல் சன்னலாக, பறவை பார்ப்பதைப் போல. சந்தா கேட்டுத் துண்டறிக்கையும் போட்டார். வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1665-இல் கொள்ளைநோய் வந்தது. அதிகாரப்பூர்வக் கணக்கிலேயே ஏறத்தாழ 70,000 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஹொல்லாரின் மகன். தந்தையைப் போலவே அழகாக வரையத் தெரிந்த பையன் என்று எழுதியிருக்கிறார்கள். அவன் வரைந்த ஒன்றையாவது பார்க்க ஆசையாக இருக்கிறது.

மறு ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஓர் அடுமனையில் பிடித்த தீ நான்கு நாள் எரிந்தது. 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள் போயின. கார்ன்ஹில் எரிந்தது. ராயல் எக்ஸ்சேஞ்ச் எரிந்தது. குளிர்காலப் பெண் முகமூடியோடு நின்ற பின்னணி முழுவதும் சாம்பல். டக்டேலுக்காக ஹொல்லார் தூண் தூணாக வரைந்து 1658-இல் வெளிவந்த பழைய செயின்ட் பால் பேராலயமும் மிஞ்சவில்லை. வரைபடத்துக்கான நகரமே இல்லாமல் போய்விட்டது. அந்த மாபெரும் திட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தாள்.

அவர் என்ன செய்தார்? மீண்டும் வரைந்தார். ஒரே தாளில் மேலே எரிவதற்கு முந்தைய லண்டன், கீழே எரிந்த லண்டன். இன்னொரு வரைபடத்தில் எரிந்த பகுதியை வெள்ளையாக, தெருக்களின் கோட்டை மட்டும் விட்டு அச்சிட்டார். எதுவுமே வரையாமல் விட்ட அந்த வெள்ளைதான் அவர் செய்ததிலேயே கனமானது என்பது என் எண்ணம். மன்னர் இரண்டாம் சார்லஸ் அவருக்கு அரச நிலக்காட்சி ஓவியர் என்ற பட்டம் கொடுத்தார். 1669-இல் வட ஆப்பிரிக்காவின் டாங்கியர் கோட்டையை வரைய அனுப்பினார்கள். திரும்பும் வழியில் அவர் வந்த கப்பலை ஏழு அல்ஜீரியக் கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. அறுபது வயது தாண்டிய மனிதர் உயிர் பிழைத்து ஊர் சேர்ந்து அந்தச் சண்டையையும் செம்பில் செதுக்கினார்.

ஏறத்தாழ 2,700 படங்கள் அவர் கையிலிருந்து வந்திருக்கின்றன. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிஷர் நூலகம் பெரும்பகுதியை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கைப்பேசியில் விரலால் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். ரோமத்தின் ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரியும். விடுமுறையில் அப்படிப் பெரிதாக்கிப் பாட்டியிடம் காட்டினேன். இதை யார் தைத்தது என்றுதான் கேட்டார். உடுத்தியவளின் பெயரும் தெரியாது, தைத்தவளின் பெயரும் தெரியாது. ஊசி பிடித்த இன்னொருவர் பெயர் மட்டும் தகட்டின் ஓரத்தில், இடவலம் மாற்றி எழுதப்பட்டதால் நமக்கு நேராக.

கடைசிக் காலத்தில் ஹொல்லார் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு சந்தில் குடியிருந்தார். கடன் கழுத்தை நெரித்தது. அவர் சாகக் கிடந்தபோது கடனுக்காகப் பொருள்களைப் பறிமுதல் செய்ய ஆட்கள் வந்தார்கள் என்றும், இந்தக் கட்டிலிலேயே உயிர் போக விடுங்கள், கல்லறையைத் தவிர வேறு சிறைக்கு மாற்றாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. 1677 மார்ச் 25-ஆம் தேதி இறந்தார். செயின்ட் மார்கரெட் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. மார்ச் 25-தான் புத்தாண்டு. பருவ வரிசையில் அது முதல் தகட்டின் காலம், டியூலிப் பிடித்தவள் வரும் நேரம்.